மாதனூர்ப் பள்ளம்

பாட்டு படுமோசம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.
"லோ வோல்டேஜ் நெஞ்சுக்கு
நீதானே ஸ்டெபிலைசர்" என்று
ஜலதோஷத்தோடு ஒருத்தன்.
பின்னால் கீபோர்டில்
கோழி தகரத்தைக் கொத்துகிற மாதிரி டொக் டொக்.
படம் குடியாத்தத்தில் நாலு நாள்.
ஐந்தாம் நாள் அதே கொட்டகையில்
பழைய அம்மன் படத்துக்குக் கூழ் ஊற்றினார்கள்.
பாடியவன் பெயர் கேசட் அட்டையில்
ஜி. தியாகு, அறிமுகம்.
அதற்கப்புறம் எந்த அட்டையிலும் இல்லை.
அறிமுகமானான்,
அப்படியே போய்விட்டான்.

தொண்ணூற்றெட்டு.
காலை ஆறு நாற்பது, பள்ளிகொண்டா கூட்டு ரோடு,
ஆம்பூர் ஷூ கம்பெனி பஸ்.
தஸ்தகீர் பாயின் பிளேயரில் மாட்டிக்கொண்ட கேசட்
வெளியே வர மாட்டேன் என்றது.
ஸ்க்ரூடிரைவர், ஊக்கு, ஜபீனின் கொண்டை ஊசி,
எதற்கும் மசியவில்லை.
"பாட்டு வேணும்னா இதான்.
வேணாம்னா இஞ்சின் சத்தம் கேளுங்கம்மா."
முதல் வாரம் நாற்பத்தெட்டு பேரும் திட்டினோம்.
மூன்றாம் வாரம் ஒருநாள் போட மறந்தார்,
சண்டைக்குப் போனோம்.

மாதனூர் தாண்டினால் பாலம் வேலை.
அந்தப் பள்ளத்தில் பஸ் தூக்கிப் போட்டதில்
டேப் ஒருநாள் கசங்கியது.
அன்று முதல் சரணத்தில் ஒரு சொல் காணோம்.

"தெருவுல — க்ர்ர்க் — நின்னேன் பொண்ணே
நீ சுவிட்ச போட்டே கண்ணே"

பாய் கெட்டிக்காரர்.
அந்த க்ர்ர்க் சரியாகப் பள்ளத்தில் வருகிற மாதிரி
அகரம்சேரியிலிருந்தே ஆக்ஸிலேட்டரை அளந்து மிதிப்பார்.
அந்த ஒரு துள்ளலில்
ஆளுக்கொரு சொல்லைப் போட்டுப் பாடுவோம்.
எஸ்தர் "முட்டி போட்டு நின்னேன்" என்பாள்.
ஜபீன் "குளிச்சி."
வேண்டா மட்டும் சூப்பர்வைசர் பெயரைச் சொல்வாள்,
ஸ்கைவிங் செக்ஷன் முழுக்கச் சிரிப்பு
கேட் வரைக்கும் அடங்காது.

அந்த ஐப்பசியில்
எனக்குப் பேசி முடித்த சம்பந்தம் கலைந்தது.
மண்டபத்துக்குக் கொடுத்த அட்வான்ஸ்கூடத் திரும்பவில்லை.
மறுநாளே வேலைக்குப் போனேன்.
பள்ளம் வந்தது.
யோசிக்காமல் "தனியா" என்றேன்.
யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.
ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.
அடுத்த நாள் பள்ளத்தில்
நாற்பத்தெட்டு தொண்டையும் சேர்ந்து
"தெருவுல தனியா நின்னேன் பொண்ணே."
முறைப்பெண் போல் வெட்கப்படுகிற பாய்கூட.

பிறகு எல்லாம் பிறகுதான்.
கல்யாணம் வேறிடத்தில் ஆனது.
பஸ்ஸை விற்றார்கள், கேசட்டோடுதான் போயிருக்கும்.
நாலு வழிச்சாலை வந்தது,
பள்ளிகொண்டாவில் டோல்கேட்,
மாதனூரில் சாலை தோசைக்கல் மாதிரி.
விரல் நுனியில் இன்னும் சொல்யூஷன் வாசனை
இருக்கிற மாதிரி ஒரு நினைப்பு.

போன ஞாயிறு பையன் போனில் தேடிக் கொடுத்தான்.
"இதுவாம்மா? இருநூத்திப் பன்னெண்டு பேர்தான்
பாத்திருக்காங்க" என்று முகத்தைச் சுளித்தான்.
கசங்காத டேப். சுத்தமான ஜலதோஷம்.
சரணம் வந்தது.
சீட்டே இல்லாத பிளாஸ்டிக் நாற்காலியில்
என் உடம்பு தானாக எழும்பியது.

"தெருவுல சும்மா நின்னேன் பொண்ணே."

சும்மாவா?
இருபத்தாறு வருஷமாக
அந்த இடத்தில் இருந்தது சும்மாவா?

மறுபடி வைத்தேன். சும்மாதான்.
பையன் சிரித்தான். நானும்.
கண்ணைத் துடைத்தது வெங்காயத்துக்கு என்றேன்,
வெங்காயம் எதுவும் அரியவில்லை.

ஜபீன் இப்போது வாணியம்பாடியில்,
பேரனுக்குச் சுன்னத் முடித்த வீடு.
அவளுக்கு அனுப்பினேன்.
ராத்திரி பதினொன்றரைக்கு அவள் குரல் வந்தது,
மிக்சி சத்தம், குழந்தை அழுகை,
நடுவில் பாதித் தூக்கத்தில் அவள்:

"ஏய், யாரோ உன்ன ஏமாத்திட்டாங்கடி.
இது அந்தப் பாட்டு இல்ல."