எழுத்து மட்டும்

மாணவர் கணக்கு. வருடத்துக்கு ஐநூறு ரூபாய்.
படம் கிடையாது, எழுத்து மட்டும் என்று
ரசீதின் பின்பக்கம் பொடியாக அச்சடித்திருந்தது.
கணக்கு சத்தியசீலனுடையது.
கம்ப்யூட்டர் என் எஸ்.டி.டி. பூத்துடையது,
தவணை இன்னும் ஏழு பாக்கி.

பதினொரு மணிக்கு மேல் சென்னைக்குக் கால் கட்டணம்.
நீடாமங்கலம் கடைத்தெருவில் எங்கள் ஒரு டியூப்லைட்.
ஷட்டரை முக்கால் இறக்கிவிட்டு நம்பரைப் போட்டோம்.
மோடம் கனைத்தது. பிறகு
தகரத்தில் ஆணி கீறுவது மாதிரி ஒரு பேச்சு.
பிறகு பேச்சே இல்லை.
கறுப்புத் திரை யாரென்று கேட்டது.

அந்தப் பக்கம் ஏதோ குளிர்ந்த அறையில்
நாங்கள் பார்த்தே இராத ஒரு இயந்திரம்.
போன வாரமே சீலன் அதற்குள்
ஒரு சின்ன புரோகிராமை வைத்துவிட்டு வந்திருந்தான்,
கண்டக்டர் பார்க்காதபோது சீட்டுக்கு அடியில்
கோழிக்கூடையைத் தள்ளுகிற மாதிரி.
அதன் பெயரைத் தட்டி என்டர் அடித்தான்.
திரை முழுக்கப் பிதற்றல்,
அலைக்கோடும் அடைப்புக்குறியும் பாதி எழுத்துமாக.

கெட்டுப்போச்சா, என்றேன்.
"இல்லக்கா. நாம உட்கார்ந்து டைப் அடிக்கிறோம்னு
அது நெனச்சுக்கிட்டிருக்கு.
அந்த எழுத்துக்குள்ளதான் எல்லாம் வருது."

யாராலும் அவ்வளவு வேகமாகத் தட்ட முடியாது.
சென்னை அதைக் கேட்கவில்லை.

முறை வைத்துத் தண்ணீர் விட்ட ஒரு வருஷம்
மேலக்கரைக்குப் பாய்வதாக நோட்டில் இருந்த தண்ணீர்
ரோட்டுக்கு அடியில் சிமெண்டுக் குழாய் வழியே
கீழக்கரைக்குப் போய்க்கொண்டிருந்தது.
லஸ்கர் சைக்கிளை நிறுத்திப் பார்ப்பார்.
மேலே தார் ரோடு, ஈரம்கூட இருக்காது.
குழாயைப் புதைத்தது என் வீட்டுக்காரர்.
இதை நான் சீலனிடம் சொல்லவில்லை.

எனக்கு வேண்டியது ஒரே ஒரு படம்.
சம்பா நட்டு இருபது நாள்.
தாழ்வு மண்டலம், தாழ்வு மண்டலம் என்று
மூன்று நாளாக ரேடியோ படிக்கிறது.
அந்த மேகத்தை ஒருதரம் நேரில் பார்க்கணும்.

வந்தது. மேலிருந்து, இழை இழையாக.
காஷ்மீர். வெள்ளை.
அது பனியா மேகமா என்று
இருவருக்கும் தெரியவில்லை.
டெல்லி வருவதற்குள் டீ ஆறிப்போனது.
மீட்டர் என்னுடையதுதான்,
இருந்தாலும் கண் அங்கேயே போகிறது.
நாக்பூர்.
சரக்கு ரயிலுக்கு கேட் மூடித் திறந்தது.
ஹைதராபாத். நெல்லூர்.
கிழக்கே கடலில் ஒரு சுருளின் விளிம்பு,
இட்லித் துணியின் மடிப்பு மாதிரி.
சென்னை வந்தபோது சீலன் சிரித்தான்:
"நம்ம மெஷின் இங்கதான் உட்கார்ந்திருக்கு."

பாண்டிச்சேரி பாதி.
அதற்குக் கீழே சாம்பல் நிறம்.

மாடியில் அவர் போனை எடுத்துவிட்டார்.
எடமேலையூர் பக்கிரிசாமியைக் கூப்பிட்டு
வடிகாலை வெட்டிவிடச் சொல்லணுமாம்.
லைன் அறுந்தது.
"என்னடி இது, போனுக்குள்ள பூச்சி கத்துது"
என்று படியிலிருந்து குரல் வந்தது.

மறுபடி போட்டோம். எங்கேஜ்டு.
மறுபடியும்.
அறுபத்திரண்டு ரூபாய் என்று பில் துப்பியது,
யார் பெயரில் எழுதுவது என்று கேட்டேன்.
சீலன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்,
நாங்கள் இருக்கும் இடத்தில் ஒன்றுமில்லாத படம்.

ஷட்டருக்குக் கீழே மிச்சமிருந்த கால்பங்கு வழியாக
சாரல் உள்ளே வந்து
ஸ்டூலின் ஒரு காலை நனைத்திருந்தது.
எப்போதிலிருந்து என்று தெரியவில்லை.