செய்வினை

ஒன்பது மணி மாத்திரையை
ஒன்பது ஏழுக்குக் கொடுத்தேன்.
நாடித்துடிப்பு ஐம்பத்தைந்துக்குக் கீழே இருந்தால்
கொடுக்காதே என்று உத்தரவு இருந்தது.
நாற்பத்தெட்டு என்று
என் கையெழுத்திலேயே ஒரு துண்டுச் சீட்டு
என் சட்டைப்பையிலேயே இருந்தது.

பன்னிரண்டாம் அறையில் மணி அடித்துக்கொண்டிருந்தது.
அதைக் காரணமாகச் சொல்லவில்லை.
அடித்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

பதினொன்றே காலுக்கு
ரெய்னோ கழிப்பறைக்கு எழுந்தார்.
இரும்புத்தாதுக் கப்பல்களில்
நாற்பது வருடம்
ஆடும் தளத்தில் நின்ற கால்கள்
ஆடாத தரையில் மடிந்தன.
நாற்காலியின் கை அவர் நெற்றியைப் பிடித்தது.
நான் பிடிக்கவில்லை.
முப்பத்தாறு என்றது திரை.

பிறகு எல்லோரும் வந்தார்கள்.
ஓர் ஊசி. ஒரு ஸ்கேன்.
லிஃப்டுக்குள் அவர் கட்டிலின் சக்கரம் ஒன்று
கீச்சுக்கீச்சென்றதை
இனி எந்தச் சந்தையில் தள்ளுவண்டி தள்ளினாலும் கேட்பேன்.
எலும்பு முறியவில்லை, மூளையில் கசிவில்லை.
புருவத்துக்கு மேல்
கத்தரிப்பூ நிறத்தில் ஒரு வீக்கம்.

போர்வை சூடேற்றும் பெட்டியைத் திறந்து
ஒன்றை எடுத்து முகத்தில் அழுத்திக்கொண்டேன்.
இரண்டு நிமிடம். அதற்குமேல் பம்ப்புகள் விடாது.
அந்தப் போர்வையைச் சலவைக்குப் போட்டேன்.
ஓர் இரவுக்கு ஒரு தவறு போதும்.

மூன்று மணிக்கு அறிக்கை.
கணினி கேட்டது: என்ன நடந்தது?
'நோயாளிக்கு மாத்திரை கொடுக்கப்பட்டது.'
நல்ல வாக்கியம்.
அதற்குள் யாருமே இல்லை.
விளக்கணைத்த அறைபோல் சுத்தமாக இருந்தது.

இந்த நடை எனக்குப் பழக்கம்.
மாதாமாதம் கடன் நிறுவனத்திலிருந்து வருகிறது:
தங்கள் கணக்கில் வட்டி சேர்க்கப்பட்டது.
தவணை மாற்றியமைக்கப்பட்டது.
தங்கள் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது.
சேர்த்தவர் யார், நிராகரித்தவர் யார்?
ஐம்பத்தெட்டாயிரத்து முந்நூற்று நாற்பது டாலர்,
கையே இல்லாமல் என் கழுத்தைப் பிடிக்கிறது.
அந்தக் காகிதக் கட்டு முழுவதிலும்
ஓர் ஆள் இருக்கும் இடம் ஒன்றுதான்:
பதினெட்டு வயதில் நான் போட்ட கையெழுத்து.
பேனாவும் அவர்களுடையது.

வேலை போனால் கடன் போகாது.
இதை நான் கணக்குப் போடவில்லை என்று சொன்னால் பொய்.
மூன்று மணி நான்கு நிமிடத்துக்குப் போட்டேன்,
ரெய்னோவின் ரத்த அழுத்தத்துக்கும்
பன்னிரண்டாம் அறைச் சிறுநீர் அளவுக்கும் நடுவில்.

பிறகு அழிக்கத் தொடங்கினேன்.
பின்னாலிருந்து, ஒவ்வோர் எழுத்தாக.
து போயிற்று. ட போயிற்று. ப் போயிற்று.
'கொடு' வரை வந்து விரல் நின்றது.

கொடு.
மணிகள் சொல்வதும் அதுதான்,
கடிதங்கள் சொல்வதும் அதுதான்.

'த்தேன்' என்று சேர்த்தேன்.

விடிந்ததும் அவரிடமும் சொன்னேன்.
கூட வரட்டுமா என்றாள் ட்வைலா. வா என்றேன்.
வாசலில் நின்று உப்பு பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள்,
காலையுணவோ இரவுணவோ, அவளுக்கே தெரியாது.
ரெய்னோ ஜன்னலைப் பார்த்தார்.
சுப்பீரியர் ஏரியின் மேல் ஆவி பறந்தது.
'அந்தக் கப்பல் இன்னும் நங்கூரத்திலேயே நிற்கிறதே' என்றார்.
வெகுநேரம் கழித்து,
'உன் பெயர் என்ன?'
என் அட்டை திரும்பிக் கிடந்தது. நேராக்கினேன்.
மார்னி.
'மார்னி' என்று ஒருமுறை சொல்லிப்பார்த்தார்.
புகார் எழுதவா, இனிமேல் கூப்பிடவா,
தெரியவில்லை.

டுலூத்தில் டிசம்பர்.
காரின் கண்ணாடியில் விரல் பருமன் பனி.
சுரண்டி வீட்டில் கிடந்தது.
பர்ஸில் கிரெடிட் கார்டு இருந்தது,
செவ்வாய்க்கிழமையோடு அதன் வரம்பு முடிந்திருந்தது.
விளிம்பு கூராகத்தான் இருக்கிறது இன்னும்.
இந்த மாதம் அசலில் குறைந்தது பதினொரு டாலர்.
இன்றிரவு ஏழு மணிக்கு மறுபடியும் நான்தான்.

கைக்குட்டை அளவுக்குச்
சாலை தெரியும்வரை
சுரண்டினேன்.