மூன்று ஐம்பது

புதுப்பிக்கும் பொத்தானை
இரவு பதினொன்றே முக்காலுக்கு அழுத்தினேன்.
இந்நேரத்தில் அச்சாவோ துறைமுகத்தில்
படகு நேரம் பார்க்க யார் விழித்திருப்பார்கள் என்ற துணிச்சல்.
ஆறு நாளாக நிற்காத மழை
பாதிக்கு மேல் போன பச்சைக் கோட்டைப் பார்த்திருக்க வேண்டும்.
விளக்கு ஒருமுறை
கண்ணை மூடித் திறந்தது.
மேசைக்கடியில் கிடக்கும் சர்வரும்
மூடியது,
திறந்தது.

அதன்பின் தளம் வெள்ளை.
பிழை எண் இல்லை,
திட்டுவதற்கு ஒரு வரிகூட இல்லாத வெள்ளை.

எல்லா பிளக்இன்களையும் தூங்க வைத்து
ஒவ்வொன்றாகத் தட்டி எழுப்பினேன்.
வானிலை எழுந்தது.
படத்தொகுப்பு முனகிக்கொண்டே எழுந்தது.
அலை அட்டவணை எழுந்ததும்
மொத்த வீடும் மறுபடி படுத்துக்கொண்டது.
சரி, நீ கிட.

பிறகு காப்புப்பிரதியைத் தேடினேன்.
இருந்தது.
பதினொரு நாள் பழையது.
"தினமும் எடுக்கிறோம்" என்று
கூட்டுறவுச் சங்கக் கூட்டத்தில்
இரண்டு முறை எழுந்து நின்று சொன்னவள் நான்தான்,
யாஸ்னா பர்ரியா, கைத்தட்டும் வாங்கியவள்.

பதினொரு நாளில் என்ன பெரிதாக நடந்துவிடும்?
குளிர்கால நேர அட்டவணை, முழுசாக.
கேஸ் சிலிண்டர் புதன்கிழமை மட்டுமே ஏற்றப்படும் என்ற அறிவிப்பு.
பின்தளத்தில் கிடந்த
இடதுகால் ரப்பர் பூட்ஸின் படம்.

விடியும் முன்னே நிபால்தோ கூப்பிட்டார்.
"பக்கம் வெள்ளையா இருக்கே?"
"தெரியும்."
"மூடுபனியைத்தான் படம் எடுத்துப் போட்டிருக்கீங்கன்னு நினைச்சேன்."
நாற்பது வருடம் படகோட்டியவரின் நகைச்சுவைக்கு
அந்த நேரத்தில் சிரிக்க வாய் வரவில்லை.
அட்டவணை போச்சு என்றேன்.
"எங்கே போச்சு? இரு."

கேனாக் தீவில் இறங்கியதும் ஒரு படம் அனுப்பினார்.
ரூபெர்த்தா கடைக் கதவு.
பள்ளிக்கூட நோட்டிலிருந்து கிழித்த தாள்,
நான்கு மூலையிலும் நான்கு நிற டேப்,
ஓரத்தில் எண்ணெய்க் கறை.
அந்தத் தீவில் சிக்னல்
கல்லறை மேட்டில் மட்டும்தான் கிடைக்கும்.
நான் அட்டவணை ஏற்றிய அன்றே
மேடேறிப் போய்
செத்தவர்களின் நடுவில் நின்று
அவள் எல்லாவற்றையும் கையால் எழுதி இறங்கியிருக்கிறாள்,
சிலிண்டர், பூட்ஸ் உட்பட.

தட்டச்சு செய்துகொண்டே போனவள்
வெள்ளிக்கிழமையில் நின்றேன்.
மூன்று முப்பதை நீல மையில் அடித்து
மேலே மூன்று ஐம்பது.
பக்கத்தில் ஒரே சொல்: பிள்ளைகள்.

நிபால்தோவைக் கேட்டேன்.
"நான் எப்போ மூன்றரைக்குக் கிளம்பியிருக்கேன்?
மூன்றரைக்குத்தான் விடுதி மணியே அடிக்கும்.
மூட்டையோட சரிவில இறங்கி வர
இருபது நிமிஷம் ஆகாதா?"
"நாலு வருஷமா தளத்தில் மூன்றரைன்னுதானே இருக்கு?"
"இருக்கட்டும். அதை நம்பி யாரும் படகை விட்டதில்லையே."

நான்கு வருடம்
அந்தத் தவறை நான் ஒழுங்காகக் காப்புப்பிரதி எடுத்திருக்கிறேன்.
அதிலும் பதினொரு நாள் குறை.

மூன்று ஐம்பது என்று அடித்தேன்.
சேமித்தேன்.
பக்கம் வந்தது, கோணலாக,
எழுத்துரு மாறி,
படத்தொகுப்பில் பூட்ஸ் இல்லாமல்.

அலை அட்டவணை இன்னும் எழவில்லை.
அது இருந்த கட்டத்தில்
இப்போதைக்கு ஒரு வரி போட்டிருக்கிறேன்:
ஜன்னலைத் திறந்து கடலைப் பார்க்கவும்.

இதுவரை யாரும் புகார் சொல்லவில்லை.