முக்கால் டயர் தண்ணீர்

போன கன்னிப் பூவுக்குச் சேறடிக்கப் போனபோது
சக்கரம் சுற்றியது, வயல் நகரவில்லை.
வரப்பில் நின்றவர்கள் யோசனை சொன்னார்கள்,
ஒருவரும் இறங்கவில்லை.

வேலந்தாவளத்தில் டயர்க்கடை உதுமான்
குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:
"முப்பத்தஞ்சு குதிரை இருக்கு, தமயந்தி.
காலூன்றத்தான் கனமில்லை."

இரும்பு வட்டு விலை கேட்டேன்.
அந்தக் காசில் என் மகள்
மூன்று வருசம் சித்தூர் காலேஜுக்குப் பஸ்ஸில் போய் வருவாள்.

பிறகு ஆளாளுக்கு ஒன்று ஊற்றினார்கள், வாயால்.
கால்சியம் குளோரைடு என்றான் கோவையில் இருக்கும் தம்பி,
தண்ணீரைவிடக் கனமாம்.
உப்பே போதும் என்றார் அரிசிக்கடைக்காரர், மூட்டை மலிவு.
இரண்டும் ரிம்மைத் தின்னும் என்றார் உதுமான்,
வெளியே பெயின்ட் மினுங்கும்போதே உள்ளே பொருக்கு உதிரும்.
கரும்பாலைக் கழிவுப்பாகுக்கு
டயரைவிடப் பெரிய பர்மிட் வேண்டுமாம்.
குளிர்நாட்டில் உறையாமல் இருக்க
ஏதேதோ கலக்குவார்களாம்.
எங்கள் எருத்தேம்பதியில் உறைவது தேங்காய் எண்ணெய்தான்,
அதுவும் மார்கழியில் ஒரு வாரம்.

தேங்காய் என்றதும் எனக்கே ஒன்று தோன்றியது.
சடையப்பன் களத்தில் கொப்பரைக்கு உடைக்கும் காயின் தண்ணீர்
சும்மா ஓடையில் போகிறதே.
உதுமான் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.
"மூணாம் நாள் புளிக்கும், ஆறாம் நாள் காடி.
உன் ட்யூப் நடுவயலில் ஏப்பம் விடும்."

கடைசியில் தண்ணீர்தான்.
அவர் கடைக் கிணற்றுத் தண்ணீர்.
ஜாக்கி வைத்துத் தூக்கி,
வால்வு உச்சிக்கு வரும்படி சக்கரத்தைத் திருப்பி,
ஹோஸ் செருகி, காற்று வெளியேற வழிவிட்டு விட்டு,
தண்ணீர் வால்வை எட்டியதும் நிறுத்தினோம்.
மேலே மிச்சமிருந்த காலுக்குக் காற்று.
ஒரு டயருக்கு நூற்றுத் தொண்ணூறு லிட்டர்.
கூலி நானூறு, தேநீர் அவர் செலவு.

கடை அந்தப் பக்கம், வீடு இந்தப் பக்கம்.
நடுவில் செக்போஸ்ட்.
ஸ்பிரிட் தேடிக்கொண்டிருந்தார்கள் அன்றைக்கு.
டயரைத் தட்டிப் பார்த்த புதுப் பையன் பிரஜீஷுக்கு
சத்தம் பிடிக்கவில்லை.
"எந்தா சேச்சி இதில்?"
வெள்ளம் என்றேன். நம்பவில்லை.
யார்தான் நம்புவார்?
வால்வு கீழே நின்றிருந்தது.
மூடியைத் திருகி ஊசியை அமுக்கினான்,
மூக்கைப் பக்கத்தில் கொண்டுபோய்.

சட்டை, மீசை, ரசீதுப் புத்தகம்.
நக்கிப் பார்த்தான், அது அவன் வேலை.
ரப்பர் நெடியும் கிணற்று உவர்ப்பும்.
இதற்கு எந்தப் பாரத்தில் எழுதுவது என்று
உள்ளே போய்க் கேட்டு வந்தான்.
பாரம் இல்லை.
மணக்கடவில் இரண்டு சர்க்காரும்
கோல் நட்டு அளந்து பங்கிடும் தண்ணீரில்
முந்நூற்றெண்பது லிட்டர்
கணக்கில்லாமல் உருண்டு கேரளத்துக்குள் வந்தது.

அந்தப் பூவில் பதினேழு ஏக்கர் அடித்தேன்.
கறுப்புச் சேற்றை வண்டி கவ்வியது,
தடம் ஆழமாக விழுந்தது.
வரப்பில் நின்றவர்கள் இந்த முறை கூலி பேசினார்கள்.

இப்போது மேட மாதம்.
குழாய் பத்து நாளாகக் காற்றை விடுகிறது.
லாரி வரும் என்ற திருப்பத்தில்
நாற்பது குடங்கள் எங்களுக்குப் பதிலாக நிற்கின்றன.
நேற்று ராத்திரி கொட்டகைக்குப் போய்
விரல்முட்டியால் டயரைத் தட்டினேன்.
கீழே தட்டினால் மொத்தென்றது.
மேலேறத் தட்டிக்கொண்டே போனேன்,
முக்காலில் சத்தம் மாறுகிற இடம் வரை.
குடிக்க ஆகாது என்று எனக்குத் தெரியும்.
ஆனாலும் கையை எடுக்காமல்
கொஞ்ச நேரம் அங்கேயே வைத்திருந்தேன்.
ரப்பர் அந்தப் பக்கம் குளிர்ந்திருந்தது.