அறுபத்துநான்கு கிலோ

ஸுக்திதியில் ஆகஸ்ட் என்றால்
எல்லா வீட்டு முற்றத்திலும் ஹேசல் கொட்டை காயும்.
நுக்ஸாரின் எடைக்கடையில் மட்டும்
அன்று சண்டை காய்ந்துகொண்டிருந்தது.

லாமாரா கொண்டுவந்தது இருநூற்றுப் பதினொன்று.
கணினி காட்டியது நூற்று நாற்பத்தேழு.
"திருடன்" என்று அவள் ஒருமுறை சொன்னாள்.
தெரு இரண்டு முறை கேட்டது.

என்னைக் கூப்பிட்டது தீர்ப்புச் சொல்ல அல்ல.
ஸ்க்ரூடிரைவரோடு போனேன்.

பதினெட்டு வயதுப் பெட்டி.
திறந்தால் கொட்டைத்தோல் தூசு,
விசிறியில் சிக்கிச் செத்த குளவி ஒன்று.
இரண்டு ராம் துண்டுகளையும் உருவி
பொன்பூசிய பற்களைப்
பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டினேன்.
சோதனை ஓடியது. பிழை இல்லை.
நுக்ஸார் என் முகத்தையே பார்த்தான்.
பிழை இல்லை என்பது
அவனுக்குக் கெட்ட செய்தி.

பகல் முழுக்க ஒழுங்காகவே நடந்துகொண்டது,
மருத்துவரைக் கண்டதும் காய்ச்சல் விட்ட பிள்ளைபோல.
ஜன்னலைச் சாத்தி
காற்றோட்டத் துளைகளில் துணியைத் திணித்து
சூடு ஏறட்டும் என்று உட்கார்ந்தேன்.
அவன் மனைவி ஏத்தெரி
பாலாடைக்கட்டி ரொட்டியை வைத்துவிட்டுப்
பேசாமல் போனாள்.
நான்காம் சுற்று. ஐந்தாம் சுற்று.
மூன்று மணி தாண்டி
ஒரே ஒரு சிவப்பு வரி:
ஒன்று இருக்கவேண்டிய இடத்தில் பூஜ்யம்.
வலமிருந்து ஏழாவது இடம்.

கொட்டை மூட்டையின் சீட்டில் போட்டுப் பார்த்தேன்.
அந்த இடத்தின் விலை அறுபத்துநான்கு.
இருநூற்றுப் பதினொன்றில் கழித்தால்
நூற்று நாற்பத்தேழு,
ஒரு பருப்பு பிசகாமல்.

திருடுகிறவன் ஐந்து எடுப்பான், பத்து எடுப்பான்.
அறுபத்துநான்கு எடுக்க
இயந்திரத்துக்குத்தான் தோன்றும்.

காலையில் லாமாராவிடம் சீட்டை நீட்டினேன்.
படிக்கவில்லை.
நுக்ஸார் கொடுத்த மீதிப் பணத்தை எண்ணினாள்,
எச்சில் தொட்டு மறுபடி எண்ணினாள்.
மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை.
வண்டியில் மிச்சமிருந்த மூட்டைகளை
அவன் தராசிலேயே இறக்கினாள்.

கெட்ட துண்டு என் சட்டைப்பையில் கிடக்கிறது.
பாதி நினைவோடு பெட்டி
முனகி முனகி எழுகிறது. எழுகிறது, அது போதும்.

நுக்ஸாரிடம் நான் சொல்லாதது ஒன்று உண்டு.
நான்கு மணிக்கு இன்னொரு சிவப்பு வரி வந்தது.
அதே ஏழாவது இடம்,
பூஜ்யம் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்று.

அப்படியானால் இந்தக் கோடையில் யாரோ சிலர்
விற்காத அறுபத்துநான்கு கிலோவுக்குப்
பணம் வாங்கிப் போயிருக்கலாம்.

அவர்கள் எவரும் வந்து
மேசையைத் தட்டவில்லை.