விமானப் படம் போட்ட பெட்டி

கோத்தகிரியில் பேருந்து திரும்பும் இடத்துக்கு எதிரே
நஜ்முதீன் கடை.
கண்ணாடி மேசைமேல் மூன்று பெட்டிகளை வைத்தான்.
ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்பது.
மூவாயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றொன்பது.
மூன்றாவதன் விலையை
அவனே விரலால் மறைத்துக்கொண்டான்.

"எதுக்குக்கா, பாட்டுக்கா, வேலைக்கா?"
வேலைக்கு.
எங்கேயோ இருக்கும் டாக்டர்கள் அவசரமாய்ப் பேசிவைத்ததை
வரிக்கு இத்தனை காசென்று தட்டச்சு செய்கிறேன்.
வீட்டுக்குத் தகரக் கூரை.
ஐப்பசி மழை இறங்கினால்
இடது சிறுநீரகமா வலதா என்று
நான்கு முறை பின்னால் ஓட்டிக் கேட்க வேண்டும்.

"மழைச் சத்தம் நிக்குமா?"
அட்டையைத் திருப்பித் திருப்பிப் படித்தான்.
"ஏரோப்ளேனுக்குன்னுதான் போட்டிருக்கு."
பெட்டிமேல் ஒருத்தி சன்னலோரம் கண்மூடிச் சிரிக்கிறாள்.
வெளியே ஓர் இறக்கை, வெள்ளை மேகம்.
மேகம் வரைக்கும் சரி.
அது எங்கள் அடுப்படிக்கே வரும்.

அன்றைக்கென்று பார்த்து வெயில்.
பக்கத்துப் பாத்திரக் கடையில் மிக்ஸி ஒன்றைக் கடன் வாங்கி
ஜாரில்லாமல் ஓடவிட்டான்.
"இப்ப பட்டனை அமுக்குங்க."
மிக்ஸி அடுத்த ஊருக்குப் போய்விட்டது.
அதன் உறுமல் மட்டும்; கீச்சுச் சத்தம் இங்கேயே நின்றது.
"கட்டபெட்டு, கட்டபெட்டு" என்று கண்டக்டர் கூவியதும்
அப்படியே கேட்டது.
"கனமா, விடாம வர்றது போகும்க்கா.
மனுசக் குரல் போகாது. பொய் சொல்லி விக்க மாட்டேன்."

காதுக்குள் செருகும் குமிழா, தலைமேல் கவிழும் பட்டையா?
குமிழ் ஒன்று தேயிலைச் செடிக்குள் விழுந்தால்
அடுத்த கவாத்தில்தான் கிடைக்கும்.
பட்டை மார்கழிக்குக் கதகதப்பு,
குரங்குக் குல்லாவோடு ஒத்துப்போகாது.
குறுக்குப் பாதையில் எதையுமே மாட்டக்கூடாது:
காட்டெருமை ஹாரன் அடித்துக்கொண்டு வருவதில்லை.

"நீங்களும் பாருங்கண்ணே" என்று
ஞானசீலன் தலையில் கவிழ்த்தான்.
என் வீட்டுக்காரர்.
பதினெட்டு வருடம் ஃபேக்டரியில், ரோலருக்குப் பக்கத்தில்.

"யாருப்பா விசிலடிக்கிறது?"
கடைக்கே கேட்கும்படி கத்தினார்.
யாரும் அடிக்கவில்லை.
மிக்ஸியை நிறுத்தினோம்.
"இப்பவும்தான்."
டியூப்லைட்டைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார்.
பிறகு கழற்றி,
சுடுபாத்திரத்தை இறக்குவதுபோல் மேசைமேல் வைத்தார்.
"இது ரிப்பேரு. வேற குடு."

நான் மாட்டிப் பார்த்தேன்.
விசில் இல்லை.
வேறு இரண்டையும் மாட்டினார்.
இரண்டும் ரிப்பேர்.

டேபிள் ஃபேனைச் சுவர்பக்கம் திருப்பி
மார்கழியிலும் ஓடவிட்டுத் தூங்குகிறவர்.
காற்று வேண்டாமாம், ஓடினால் போதுமாம்.
கரண்ட் பில்லைக் காட்டி எத்தனை சண்டை.
ஒருமுறை பிளக்கையே பிடுங்கி
அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்தேன்.

டின்னிடஸ்.
எட்டு எழுத்து ஆங்கிலத்தில்; கண்ணை மூடிக்கொண்டு அடிப்பேன்.
இரு காதிலும், நெடுநாளாய், தொழிற்சாலை வேலை, ஐம்பது வயது ஆண்.
நான்கு வருடத்தில் எத்தனை முறை அடித்திருப்பேன்.
காசு வாங்கியிருக்கிறேன் அந்தச் சொல்லுக்கு.

நடுப்பெட்டியை வாங்கினோம்.
ஐம்பது ரூபாய் குறைத்தான்.
வழியெல்லாம் அவர் பேசவில்லை;
பேசியிருந்தால் கத்தியிருப்பார்,
நானும் செவிடில்லை என்று வழக்கம்போல் சொல்லியிருப்பேன்.

இரவு மழை பிடித்தது.
மேசையில் உட்கார்ந்து மாட்டிப் பட்டனை அமுக்கினேன்.
மழை பாதி போனது, பாதி தகரத்திலேயே இருந்தது.
முழுதாய் மறைந்தது
சுவரைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்த அந்த ஃபேன்தான்.

ஒரு பக்கத்தை மட்டும் காதிலிருந்து விலக்கினேன்.
ஓடுகிறது.

எழுந்து போய்
ஒன்றிலிருந்து இரண்டில் வைத்துவிட்டு வந்து
டாக்டரைப் பின்னால் ஓட்டினேன்.