இருபது வீதம்

பிள்ளைக்காம்பராவின் குட்டி வாங்கில்
முழங்கால் நாடியில் முட்ட உட்கார்ந்து
நிலூஷா மிஸ் படிவத்தை விரித்தார்.
அரசாங்கம் எண்பது, நாங்கள் இருபது.
மெயின் ரோட்டிலிருந்து மூன்றாம் லயம் வரைக்கும்
கொங்கிறீட் பாதை, முந்நூற்றுப் பத்து மீட்டர்,
பதினெட்டு இலட்சம்.

காசில்லையென்றால் பொருளாய்த் தரலாம் என்றார்.
கல் நிறைய இருக்கு மிஸ் என்றேன்.
அது கம்பனிக் கல், சேராது.
காணி?
கம்பனிக் காணி.
அந்தப் பெட்டிக்குள் ஒரு பூச்சியம் போட்டேன்,
கோட்டில் படாமல்.

மிஞ்சியது உடம்பு.
அதற்கு அவரிடம் ஓர் அட்டவணை இருந்தது:
ஆள்நாள் ஒன்றுக்கு இரண்டாயிரம்.
நூற்றெண்பது நாள்,
நாற்பத்தைந்து காம்பரா,
வீட்டுக்கு நாலு.
பாக்கியநாதன் விரலை மடித்து மடித்துப் பார்த்தான்.
"அப்ப சும்மா செஞ்சா ரெண்டாயிரம்,
சம்பளத்துக்குச் செஞ்சா அதுல அறுநூறு கொறைவா?"
மிஸ்ஸுக்குத் தமிழ் விளங்கும்.
பேனையைத்தான் பார்த்தார்.

விதி ஒன்பதை நான் உரத்து வாசித்தேன்:
ஒப்பந்தம் கைச்சாத்தாகுமுன் செய்யப்பட்ட
எந்த வேலையும்
பங்களிப்பாகக் கொள்ளப்படமாட்டாது.
மருதவீரன் இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னான்.
வாசித்தேன்.
ஜன்னலுக்கு வெளியே பதுளை ரயில்
பாலத்தின் மேல் ஊர்ந்துகொண்டிருந்தது.
கடைசிப் பெட்டி மலைக்குள் நுழையும் வரை பார்த்திருந்துவிட்டு
பத்தாவதுக்குப் போ என்றான்.

பத்தாவது: எங்கள் இருபது முதலில்.
அவர்கள் எண்பது பிறகு,
கட்டம் கட்டமாய், படம் எடுத்து.
ஹற்றன் ஹார்ட்வெயார்காரர்
மூன்று மாதக் கடனில் சீமெந்து இறக்கினார்,
என் கையெழுத்தை நம்பி;
அந்த மூன்று மாதமும்
அவர் கடைப்பக்கம் நான் பஸ்ஸால் இறங்கவில்லை.

சிவப்பு விளிம்பு வைத்த சீ.ஆர். கொப்பியில்
எங்களுக்கென்று ஒரு செக்றோல் போட்டேன்.
அதில் அரைப்பேர் என்றொரு கலம் இல்லை.
பத்து மணிக்கே மழை இறங்கிய நாளிலும்
மணல் சுமக்க வந்தவளுக்கு முழுப்பேர்.
நிறுத்துக் கழிக்கத் தராசில்லை.
யோகமலர் தன் பேரைத் தானே எழுதி,
ஊதி,
மை காய்ந்த பிறகும் கொப்பியைத் தரவில்லை.

கொழும்புக் கடையில் நிற்கிற சுதர்சன்
ஈசி கேஷில் எட்டாயிரம் அனுப்பினான்.
வங்கிச் சிட்டையில்லாத காசு சேராதாம்.
அது பாணும் பருப்பும் ஆயிற்று.
அவன் தங்கச்சி பிறகு மண்வெட்டியோடு வந்தாள்,
அண்ணனைத் திட்டிக்கொண்டே.

முடிவில் கூட்டிப் பார்த்தால் நூற்றெண்பத்தேழு.
ஏழு நாள் கூட.
கூடினது திரும்பாது,
அடுத்த திட்டத்துக்கும் போகாது என்றார் மிஸ்.
எங்களுக்குத் தெரியும்.

மண்சரிவுக்குப் பிறகு
திலகவதி போட்ட தகரக் கொட்டில்
மூன்றாம் லயத்துக்குக் கீழே இருக்கிறது,
வீட்டுப் பட்டியலில் இல்லை,
வரைபடத்தில் இல்லை.
கிழமைக்கு இரண்டு தரம்
அவள் புருஷனைக் கதிரையோடு தூக்கித்தான்
வானில் ஏற்றுகிறார்கள்,
இரத்தம் சுத்தம் செய்ய நுவரெலியாவுக்கு.

கடைசி அளவைக்கு வந்த மிஸ்
டேப்பின் நுனியை என்னிடம் தந்துவிட்டு
இறங்கிக்கொண்டே போனார்.
லயம் முடிந்தது. பாதை முடியவில்லை.
முந்நூற்று இருபத்தொன்று.
தகர வாசலில் நின்று
முந்நூற்றுப் பத்து என்று எழுதினார்.
திலகவதி நீட்டிய தேத்தண்ணியை வாங்கி
சீனி போதுமா என்று அவள் கேட்டதற்கு
போதும் என்றார்.